வேலையில் சேருமுன் மேலாளரையும் பணியிடத்தையும் எடைபோடுவது எப்படி?

நம்மை வேலைக்கு எடுப்பவர்கள் எழுத்துத் தேர்வு, நேர்காணல், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரணை என்று பல கட்டங்களில் சோதித்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள். நாமோ சம்பளத் தொகையையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறோம். முதல் வேலை தேடுபவர்களுக்காகவும் முதல்முறையாக வேலை மாறுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் ஒரு நிறுவனத்துக்கு மாறியபோது நேர்காணல் நடத்தியவர் ஒருவர், சேர்ந்த பிறகு மேலாளராக வந்தவர் வேறொருவர். வாய்மொழியாகச் சொன்ன வேலை நேரம் ஒன்று, நிறுவனத்தின் விதிமுறையில் இருந்தது வேறொன்று. அவற்றைச் சரிசெய்ய மனிதவளப் பிரிவுக்கு அலைந்து கற்றவற்றையும், பின்னர் ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவற்றையும் இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். இதற்குப் பணம் அதிகம் செலவாகாது. விண்ணப்பித்த நாளுக்கும் கையெழுத்திடும் நாளுக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களைச் சரியாகப் பயன்படுத்தினால் போதும்.

1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

நல்ல தலைவர் என்றதும் தொலைநோக்கு, நேர்மை, ஊக்கமூட்டும் பேச்சு என்றெல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் நேர்காணல் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து யாருடைய தொலைநோக்கையும் அளந்துவிட முடியாது. ஆகவே இந்தக் குணங்களை, கண்ணால் பார்க்கவோ கேட்டறியவோ கூடிய செயல்களாக மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரை அவர் எப்படி நடத்துகிறார், குழு செய்த வேலையைத் தன் மேலதிகாரியிடம் யார் பெயரில் சொல்கிறார், முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்கிறாரா அல்லது கோப்பை வாரக்கணக்கில் மேசையில் வைத்திருக்கிறாரா, புதிதாக வந்தவருக்குக் கற்றுக்கொடுக்க நேரம் ஒதுக்குகிறாரா என்பவை எல்லாம் விசாரித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை.

இவற்றில் முதலாவதுக்கே நான் அதிக எடை தருவேன். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன், மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் பிழைகள் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த புள்ளிவிவரம் நேர்மாறாக இருந்தது; நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பிழையை மறைக்காமல் வெளியே சொல்லத் துணிந்ததே அதற்குக் காரணம் என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். "எங்கள் குழுவில் தவறே நடப்பதில்லை" என்று ஒரு மேலாளர் பெருமையாகச் சொன்னால், தவறு அவர் காதுக்கு எட்டுவதில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

துறையறிவு மிக்கவர் நல்ல மேலாளராகவும் இருப்பார் என்று நினைத்து மயங்குவது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படுகிறது. கூகுள் நிறுவனம் தன் மேலாளர்களைப் பற்றி நடத்திய "புராஜெக்ட் ஆக்சிஜன்" ஆய்வு, சிறந்த மேலாளர்களிடம் காணப்படும் 8 பழக்கங்களை முதலில் அடையாளம் கண்டது. அதில் நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடத்திலும், தொழில்நுட்ப அறிவு கடைசி இடத்திலும் இருந்தன. கடைசி இடம் என்பதால் அது தேவையற்றது என்றாகாது. அது மட்டும் போதாது.

பணியிடத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாதவை எவை என்று இரண்டு அல்லது மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் கவனிக்க வேண்டியவர்கள் இருப்பவருக்கு நேரம் தவறாமல் கிளம்ப முடிவது முதன்மையானதாக இருக்கும். தொழிலில் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் மூத்தவர் ஒருவர் இருப்பதே முதன்மையானது. பத்து நிபந்தனைகளை எழுதினால் எந்த நிறுவனமும் தேறாது. பிறகு களைத்துப்போய் எதையாவது ஏற்றுக்கொள்வீர்கள்.

2. நேர்காணலுக்கு முன்பே வெளியிலிருந்து விசாரியுங்கள்

நிறுவனத்தின் இணையதளத்தில் "சிறந்த பணியிடம்" என்ற முத்திரையைப் பார்த்தால் அது எதை வைத்துக் கிடைக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். "கிரேட் பிளேஸ் டு வொர்க்" போன்ற சான்றிதழ்கள் ஊழியர்களிடம் பெயர் வெளியிடாமல் நடத்தும் கருத்துக்கணிப்பின் அடிப்படையில் அமைகின்றன. அதற்கு நிறுவனமே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கிறது, சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே முத்திரையில் உள்ள ஆண்டைப் பாருங்கள். அது பழையதாக இருந்து பிறகு புதுப்பிக்கப்படவில்லை என்றால், ஏன் என்று நேர்காணலில் கேட்பதில் தவறில்லை. முத்திரை நிறுவனம் முழுவதற்கும் உரியது என்பதையும் மறக்க வேண்டாம்; நீங்கள் சேரப்போவது ஒரு குழுவில், ஒரு மேலாளரிடம். பெயர் பெற்ற நிறுவனத்திலும் ஆட்கள் நிற்காத குழு ஒன்றிரண்டு இருக்கும்.

இணையத்தில் ஊழியர்கள் எழுதும் மதிப்புரைகளில் நட்சத்திர எண்ணிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒரே வாரத்தில் வரிசையாக வந்து குவிந்திருக்கும் புகழுரைகளை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதே வேலைக்கான விளம்பரம் சில மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். நிறுவனம் வளர்வதால் அப்படி வரலாம். அந்த நாற்காலியில் யாரும் நிலைப்பதில்லை என்பதாலும் வரலாம். எது என்பதை நேர்காணலில்தான் அறிய முடியும்.

3. நேர்காணலில் கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

"இங்கே பணிச்சூழல் எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "ஒரு குடும்பம் போல இருப்போம்" என்ற பதில்தான் எங்கும் கிடைக்கும். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில் வரும் என்பதால், கேள்வியை ஒரு நிகழ்ச்சியின் மீது நிறுத்துங்கள். "உங்கள் குழுவில் கடைசியாக ஒரு வேலை கைமீறிப் போனது எப்போது? அதன் பிறகு என்ன மாற்றினீர்கள்?" என்ற கேள்வியை நான் எந்த நேர்காணலிலும் விடுவதில்லை.

ஆள் எடுக்கும் குழுவில் நான் உட்கார்ந்திருந்த ஒருநாள், வேலை தேடி வந்த இளைஞர் ஒருவர் இதே கேள்வியை எங்களிடம் கேட்டார். என் பக்கத்தில் இருந்த மேலாளர், "அது சோதனைப் பிரிவினர் தாமதப்படுத்தியதால் வந்த வினை, இப்போது அவர்கள் மீது ஒரு கண் வைத்திருக்கிறோம்" என்றார். எதிரில் இருந்த மற்றொரு மேலாளர் சற்று யோசித்துவிட்டு, "வாடிக்கையாளரிடம் தேதியை ஒப்புக்கொண்டது நான்தான், குழுவைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன், அதற்குப் பிறகு தேதி சொல்வதற்கு முன் வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்" என்றார். இருவரும் இன்முகத்தோடுதான் பேசினார்கள், இருவருக்கும் அனுபவம் ஏறத்தாழ ஒன்றுதான். யாரிடம் வேலை பார்ப்பது என்பதை அந்த இளைஞர் அந்த ஒரு நிமிடத்திலேயே முடிவு செய்திருக்க முடியும்.

இதே பாணியில் வேறு சில கேள்விகளையும் கைவசம் வைத்திருங்கள். இந்த இடம் புதிதாக உருவானதா, யாராவது விலகியதால் காலியானதா, விலகியவர் எவ்வளவு காலம் இருந்தார்? குழுவில் ஒருவர் மறுத்துப் பேசியதால் நீங்கள் கடைசியாக மாற்றிக்கொண்ட முடிவு எது? குழுவில் ஒருவர் நீண்ட விடுப்பில் சென்றபோது அவருடைய வேலையை யார் பார்த்தார்கள்? ஆறு மாதம் கழித்து என் வேலை நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத மேலாளரிடம், ஆண்டு மதிப்பீட்டின்போது அவருடைய அன்றைய மனநிலைதான் உங்கள் அளவுகோலாக இருக்கும்.

பதிலோடு நடத்தையையும் பாருங்கள். நேர்காணல் குழுவில் வயதில் இளையவர் ஒருவர் இருந்தால், அவர் பேசத் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க மேலாளர் விடுகிறாரா? நேர்காணலின் நடுவே தொலைபேசி வந்தால் மறுமுனையில் இருப்பவரிடம் எந்தக் குரலில் பேசுகிறார்? வரச்சொன்ன நேரத்துக்கு மேல் உங்களைக் காக்க வைத்தால் அதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கிறாரா? வேலை கேட்டு வந்தவரிடம் எல்லோரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார்கள். தன் கீழ் ஏற்கெனவே இருப்பவரிடம் எப்படி நடக்கிறார் என்பதே நாளை உங்களுக்கு நேரப்போவது. சரளமான பேச்சுக்கு மயங்குவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய பொறி. கூச்சத்தோடு, தேடித்தேடிப் பதில் சொல்பவர் மிக நல்ல மேலாளராக இருக்கக்கூடும்.

கேட்க வேண்டிய நேரம் கடைசிச் சுற்று; அதுவும், நீங்கள் யாரிடம் நேரடியாக வேலை பார்ப்பீர்களோ அவரிடம் கேட்க வேண்டும். மனிதவளப் பிரிவினரிடம் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு அந்தக் குழுவின் அன்றாடம் தெரியாது. அந்த மேலாளரைச் சந்திக்காமலேயே வேலை தருவதாகச் சொல்லும் கடிதம் (ஆஃபர் லெட்டர்) வந்துவிட்டால், சம்மதம் சொல்வதற்கு முன் இருபது நிமிடம் அவரிடம் பேச வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். "யார் மேலாளர் என்பது சேர்ந்த பிறகு தெரியும்" என்ற பதில் வருமானால், மற்ற விவரங்களில் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள்.

4. குழுவில் இருப்பவரிடமும் விலகியவரிடமும் பேசுங்கள்

குழுவில் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்யுமாறு நிறுவனத்திடமே கேட்கலாம். நல்ல பணியிடங்கள் தயங்குவதில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்துத் தருபவர் நல்லதையே சொல்வார் என்பதால், தொழில்முறைத் தொடர்புத் தளங்கள் வழியாக அங்கிருந்து விலகிய ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். விலகியவரிடம் "மேலாளர் எப்படி?" என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். "மறுபடி அதே மேலாளரிடம் வேலை பார்ப்பீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வருவதற்கு முன் விழும் மௌனமே பெரும்பாலும் போதுமானது. ஒருவருடைய கசப்பை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னால் நம்பலாம்.

5. ஆஃபர் லெட்டரை வரிவரியாகப் படியுங்கள்

பணியிடத்தின் தரம் பேச்சில் தெரிவதைவிடக் காகிதத்தில் நன்றாகத் தெரியும். சம்பளம் எந்த நிபந்தனைகளின்படி வழங்கப்படும் என்பதை வேலையில் சேருமுன்பே தொழிலாளருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு 95-ஆம் உடன்படிக்கை கூறுகிறது. ஆகவே விவரம் கேட்பதைச் சலுகை கேட்பதாக எண்ணிக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதலில் சம்பளப் பகுதி. ஆண்டு மொத்தத் தொகையில் நிலையான பகுதி எவ்வளவு, செயல்திறனைப் பொறுத்து மாறும் பகுதி எவ்வளவு, பிடித்தங்கள் போக மாதம் கையில் வருவது எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதித்தரச் சொல்லுங்கள். மாறும் பகுதிக்கு, கடந்த ஆண்டு அந்தக் குழுவில் சராசரியாக எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தத் தொகையைப் பூஜ்யமாக வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

அடுத்து, பதவியின் பெயர், யாரிடம் பொறுப்பு, பணியிடம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவை கடிதத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நேர்காணலில் வாய்மொழியாகச் சொன்னவற்றில் கடிதத்தில் இல்லாதவற்றை நீங்களே ஒரு மின்னஞ்சலில் தொகுத்து, "நாம் பேசியபடி இவை என்று புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று கேட்டு அனுப்புங்கள். "ஆம்" என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தாலும் பிற்காலத்தில் அதற்கு மதிப்பு உண்டு. பதில் சொல்லாமல் தொலைபேசியில் அழைத்து "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அதையும் ஒரு பதிலாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

தகுதிகாண் காலம், அதாவது நிரந்தரமாக்கும் முன் உங்களைச் சோதித்துப் பார்க்கும் காலம், எத்தனை மாதம், அது முடிந்ததும் நிரந்தரமாக்கல் தானாக நடக்குமா அல்லது தனிக் கடிதம் வர வேண்டுமா என்பதைப் பாருங்கள். தனிக் கடிதம் வரும்வரை தகுதிகாண் காலம் நீடிக்கும் என்று எழுதியிருந்தால், அதற்கு ஓர் உச்ச வரம்பு கேளுங்கள். நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; நீங்கள் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், நிறுவனம் மட்டும் உடனடியாக அனுப்பலாம் என்றிருந்தால், அந்த நிறுவனம் தன் ஊழியரை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் எத்தனை மாதம், எந்தெந்த நிறுவனங்கள் என்று வரையறுக்கச் சொல்லுங்கள். "நிறுவனத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்ற வரி பல இடங்களில் வரும். அந்த விதிமுறைகளின் பிரதியைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், முக்கியமாக விடுப்பு, புகார் நடைமுறை, கூடுதல் நேர வேலை ஆகியவற்றுக்கானவை. புகாரை மேலாளர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தால், மேலாளரைப் பற்றிய புகாரை யாரிடம் கொடுப்பது என்று கேட்டு வையுங்கள்.

6. செலவுகளைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

வேலை வாங்கித்தருவதாகக் கட்டணம் கேட்கும் முகவரிடமிருந்து விலகுங்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. பயிற்சிக் கட்டணம், பதிவுத் தொகை, மடிக்கணினிக்கு வைப்புத்தொகை என்று வேறு பெயர்களிலும் இது வரும்.

அசல் சான்றிதழ்களையோ கடவுச்சீட்டையோ நிறுவனத்திடம் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதை, கட்டாய உழைப்புக்கான 11 அறிகுறிகளில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. இத்தனை காலம் விலகமாட்டேன் என்று பாண்ட் எழுதச் சொன்னால், விலகினால் கட்ட வேண்டிய தொகை எதற்கானது, காலம் செல்லச் செல்லக் குறையுமா, நிறுவனமே உங்களை அனுப்பினால் அது பொருந்துமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே யோசியுங்கள். இங்கே ஒரு வழக்கறிஞருக்குச் சிறு கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்வது வீண் செலவாகாது.

பலர் கணக்கில் சேர்க்காதது நேரம். இப்போது வாரம் 45 மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள், புதிய இடத்தில் சம்பளம் 20 சதவீதம் அதிகம், ஆனால் வாரம் 60 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்; ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது இப்போதையதைவிட 10 சதவீதம் குறைந்துவிடுகிறது. உடல்நலமும் இதில் அடங்கும். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ 35 சதவீதமும் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். பயண நேரத்தையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. பதவி விலகல் கடிதத்தை அவசரமாகக் கொடுக்காதீர்கள்

கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டரும், சேரும் தேதியும், பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தது என்ற உறுதியும் கைக்கு வந்த பிறகே பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுங்கள். சரிபார்ப்பு முடியும் முன் சேரச் சொன்னால், அதில் சிக்கல் வந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் கேளுங்கள். "இன்று மாலைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்" என்ற நெருக்கடிக்குப் பணியாதீர்கள். இரண்டு மூன்று நாள் அவகாசம் கேட்பது எங்கும் இயல்பான வழக்கம். அதைக்கூடத் தர மறுக்கும் மேலாளர், நாளை விடுப்புக் கேட்கும்போதும் இப்படியே இருப்பார்.

8. முதல் மூன்று மாதங்களில் குறிப்பெடுங்கள்

சேர்ந்துவிட்டதால் சோதனை முடிந்துவிடவில்லை. தகுதிகாண் காலம் உங்களுக்கும் உரியது. முதல் வாரத்திலேயே மேலாளருடன் தனியாக உட்கார்ந்து, முதல் மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார், மூன்றாம் மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டு, பேசியதை மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ தனிச் சந்திப்புக்கு நேரம் கேளுங்கள். ஒத்திவைக்கப்படும் சந்திப்புகள் புதிய தேதியோடு வருகின்றனவா, அப்படியே மறைந்துவிடுகின்றனவா என்பது சொல்லாமல் சொல்லும் விவரம்.

பிறகு, சிறிய ஒரு கெட்ட செய்தியை நீங்களே முன்கூட்டிக் கொண்டுபோய்ச் சொல்லிப் பாருங்கள்: ஒரு வேலை ஒருநாள் தாமதமாகும், ஒரு கணக்கு பொருந்தவில்லை என்பது போன்ற உண்மையான ஒன்றாக அது இருக்கட்டும். "நல்லது, முன்பே சொன்னீர்கள், என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பவரிடம் பெரிய சிக்கலையும் சொல்லலாம். குரலை உயர்த்துபவரிடம் அடுத்த முறை சொல்ல உங்களுக்கே மனம் வராது. அந்தத் தயக்கம் குழுவில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று கூட்டங்களில் கவனியுங்கள். மேலாளர் ஒரு கருத்தைச் சொன்னதும் அறை அமைதியாகி, கூட்டம் முடிந்து வெளியே வந்த பிறகு பேச்சு தொடங்குமானால், உண்மையான கூட்டம் தாழ்வாரத்தில் நடக்கிறது என்று அறிக. ஒருநாள் கோபத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். தேதியுடன் எழுதிய குறிப்புகளை மூன்றாம் மாத முடிவில் சேர்த்துப் படித்தால், எது தற்செயல், எது வழக்கம் என்பது பிரிந்து தெரியும்.

9. விலகத்தான் வேண்டும் என்றால்

நிரந்தரமாக்கலுக்கு முன் விலகினால் பெரும்பாலும் நோட்டீஸ் காலம் குறைவு என்பதால், முடிவைத் தகுதிகாண் காலம் முடிவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுங்கள். விலகல் கடிதத்தில் காரணங்களை அடுக்க வேண்டாம். தேதியும் நன்றியும் போதும். சம்பளச் சீட்டுகள், பணிநியமனக் கடிதம், வரிப் பிடித்தச் சான்று ஆகியவற்றை, நிறுவனத்தின் கணினிக் கணக்கு முடக்கப்படும் முன்பே உங்கள் சொந்தச் சேமிப்பில் எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் வேலை சார்ந்த கோப்புகளைத் தொடாதீர்கள். கடைசி நாளில் விடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்கி, அவற்றிலுள்ள சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சம்பளச் சீட்டுகளோடு பொருந்துகின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். ஒருநாள் வித்தியாசம் இருந்தாலும் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அது கேள்வியாக வரும். அதைத் திருத்தி வாங்குவது, உள்ளே இருக்கும்போது ஒரு மணி நேர வேலை, வெளியே வந்த பிறகு பல வார அலைச்சல்.